கண்ணைக் கட்டி இருத்தின பிள்ளை

இல்லைப் பிள்ளை, இங்கிலீசில கேட்டாலும் எனக்கு விளங்கும். இருபத்தாறு வருசமா இந்த நாட்டில இருக்கிறன், விளங்காதோ. கேக்கேக்க விளங்கும், பதில் சொல்லேக்கதான் இங்கிலீஸ் என்னை விட்டிட்டு ஓடிப்போகும். ரெண்டு வசனம் சொல்லிப்போட்டு நான் வாயை மூடினால், இந்த மனிசி எதையோ ஒளிக்கிறா எண்டு எழுதுவினம். அதுதான் தமிழ் தெரிஞ்ச ஒராளைத் தாங்கோ எண்டு கேட்டனான். விசாரிக்கக் கவுன்சிலால உங்களை அனுப்பியிருக்கினம். சுப்ரியா எண்டு கழுத்து அட்டையில கிடக்கு. இந்தியாவோ? அதுதானே, ஓம் எண்டாமல் ஆமா எண்டு சொன்னனீங்கள். என்ர யாழ்ப்பாணத் தமிழ் ஓடினால் கையைக் காட்டுங்கோ, நிப்பாட்டிச் சொல்லுறன்.

ஓம், றிப்போட் எனக்கும் வந்தது. டிக்சனறியை வைச்சுக்கொண்டு வாசிச்சனான். போன மாசம் பதினெட்டாந் தேதி, சனிக்கிழமை, மத்தியான ஷோ. ஓப்பராப் பாட்டு நாடகம் நடந்துகொண்டிருக்கேக்க நான் மேடைக்குள்ள போனது ஒண்டு. நடிச்சுக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தது ஒண்டு. உடுப்பு மாத்திற அறைக்குள்ள போய்க் கதவைப் பூட்டிப்போட்டு இருபது நிமிசம் ஒருத்தருக்கும் திறக்காமல் இருந்தது. பிறகு, பிள்ளையின்ர கையில என்ர விரல் அடையாளம் சிவந்து கிடந்தது. எல்லாம் உண்மை. நான் ஒண்டையும் இல்லை எண்டு சொல்ல வரேல்லை.

ஏன் செய்தனீங்கள் எண்டுதானே உங்கட கேள்வி. சொல்லுறன். அதுக்கு முதல் உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், பிள்ளை பாக்கிற லைசன்ஸை மட்டும் பிடுங்காதேங்கோ. சம்பளம் எண்டால் உடுப்புப் பகுதியில திருப்பி அயன் பண்ணப் போகலாம், அவை வேண்டாம் எண்டு சொல்லமாட்டினம். எனக்கு இந்த வேலை வேணும். அந்த ஓப்பரா மேடை ஏறுற நேரமெல்லாம் நான் மேடையோரத்தில அந்த மூலையில நிக்கவேணும். ஏன் எண்டு கேக்கிறியள். அந்த ஓப்பராவைச் சொல்லாமல் அதைச் சொல்ல ஏலாது பிள்ளை. சொன்னால் விசர் மனிசி எண்டு எழுதிப்போட்டு எழும்பிப் போவியள்.

என்ர வேலை என்ன எண்டு உங்களுக்குத் தெரியும், நீங்கள்தானே லைசன்ஸ் தாற ஆக்கள். கோயிலில சனம் கேக்கும், சிவனேஸ்வரி அக்கா, தியேட்டரில என்ன செய்யிறியள் எண்டு. பிள்ளை பாக்கிற வேலை எண்டு சொல்லுவன். அவை ஏதோ குழந்தைப்பிள்ளைக்கு நப்பி மாத்திற வேலை எண்டு நினைச்சுக்கொண்டு பேசாமல் போவினம். மேடையில நடிக்கிற சின்னப்பிள்ளைக்குத் தாய் தேப்பன் பக்கத்தில இல்லாத நேரம் பொறுப்பு நான்தான். வாசலில தாயிட்டை இருந்து வாங்கினால் திருப்பித் தாயின்ர கையில குடுக்கும் வரைக்கும் கண்ணை எடுக்கக்கூடாது. சாப்பாடு, கக்கூஸ், எத்தினை மணிக்கு வந்தது, எத்தினை மணிக்குப் போனது, எல்லாம் எழுதவேணும். ஒண்டு மட்டும் செய்யக்கூடாது. மேடைக்குப் பக்கத்தில நிலத்தில வெள்ளை ரேப், ஒட்டுற நாடா, கோடு மாதிரி ஒட்டியிருக்கு. அதுக்கு அங்கால பிள்ளை போனால் மேடைக்காரற்ற பொறுப்பு, இங்கால வந்தால் என்ர பொறுப்பு. ஒம்பது வருசத்தில என்ர கால்விரல் அந்த ரேப்பைத் தொட்டது கிடையாது. வேணுமெண்டால் கேட்டுப் பாருங்கோ.

சரி, கதை. எங்கட தியேட்டரில யப்பான் பொம்பிளையின்ர ஓப்பரா எண்டால் எல்லாருக்கும் விளங்கும். அமெரிக்கன் கப்பற்படைக்காரன் ஒருத்தன் நாகசாகிக்கு வாறான். பதினைஞ்சு வயசுப் பெட்டை ஒண்டைக் கலியாணம் கட்டுறான். அவனுக்கு அது பகிடி, அவளுக்கு அது சீவியம். அவன் போயிடுறான். அவள் பிள்ளையைப் பெத்து, மூண்டு வருசம் பாத்துக்கொண்டு இருக்கிறாள். கப்பல் வருது. அவள் பிள்ளைக்கு வெளிக்கிடுத்தி, தானும் கலியாண உடுப்பை உடுத்துக்கொண்டு, இரவிரவா வாசலில நிக்கிறாள். விடியத்தான் அவன் வாறான், அமெரிக்கப் பெண்சாதியோட. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக. இவள் சரி எண்டு சொல்லிப்போட்டு, எல்லாரையும் அனுப்பிப்போட்டு, பிள்ளையைப் பாயில இருத்தி, கையில கொடி ஒண்டைக் குடுத்து, கண்ணைக் கட்டிவிட்டு, மறைப்புத் தட்டிக்குப் பின்னால போய்ச் செத்துப்போறாள். பிள்ளை கொடியை ஆட்டிக்கொண்டு இருக்கு. திரை விழுகுது.

எனக்கு இதைச் சொல்லித்தந்தது சூசைதாசன் அண்ணை. எங்கட தியேட்டரில சாமான் பகுதி, மேடையில பாவிக்கிற கொடி, கதிரை, விசிறி எல்லாம் அவற்ற பொறுப்பு. பாசையூர் ஆள். லண்டனுக்கு வர முதல் பலேர்மோவில பதினாறு வருசம் ஆற்றையோ வீட்டில சமையல். ஓம், இத்தாலியில பலேர்மோ. அங்க எங்கட ஆக்கள் கனபேர், உங்களுக்குத் தெரியாதோ. இத்தாலி மொழி அவருக்குத் தண்ணி பட்ட பாடு. நான் முதல் தரம் இந்த ஓப்பராவைப் பாத்தது மேடைக்குப் பக்கத்தில நிண்டுதான், கையில அயன் பண்ணின கிமோனோ நாலு. ஒரு சொல்லும் விளங்கேல்லை. முகம் எல்லாம் தண்ணியா நிக்கிறன். அண்ணை வந்து, ஏன் பிள்ளை அழுகிறாய், உனக்கு இத்தாலி தெரியுமோ எண்டார். தெரியாது எண்டன். அப்ப நீயும் அவரும் ஒண்டுதான் எண்டார்.

ஆர் அவர் எண்டு கேக்கிறியளோ. இந்தப் பாட்டெல்லாம் செய்த இத்தாலிக்காரர். இது எங்க துவங்கினது தெரியுமோ? இஞ்ச, லண்டனில. அமெரிக்க வக்கீல் ஒருத்தற்ற தமக்கை, மிசன் வேலைக்குப் போன புருசனோட நாகசாகியில இருந்தவ. அவ வந்து சொன்னதை வைச்சு அந்த வக்கீல் ஒரு கதை எழுதினார். இன்னொரு அமெரிக்கன் அதை நாடகமாப் போட்டு இஞ்ச கொண்டு வந்தவர். ஆயிரத்தித் தொளாயிரமாம் ஆண்டு, சென் மார்ட்டின்ஸ் லேனில. அந்தத் தியேட்டர் இப்பவும் கிடக்கு, நான் வேலைக்குப் போற வழிதான். அந்த நேரம் இத்தாலிக்காரர் தன்ர வேற அலுவலா லண்டனுக்கு வந்து நிண்டவர். ஆரோ கூட்டிக்கொண்டு போயிருக்கினம். இங்கிலீஸ் ஒண்டும் தெரியாது. ஆனால் அந்த நாடகத்தில அவள் வாசலில பாத்துக்கொண்டு நிக்கிற இடம் இருக்குத்தானே, பதினாலு நிமிசம் ஒரு கதை இல்லையாம். இருட்டி விடியிற மட்டும் லைற் மட்டும் மாறுமாம். பிள்ளை நித்திரை, அவள் மட்டும் நிக்கிறாள். அதுக்கு இங்கிலீஸ் எதுக்கு? நாடகம் போட்டவர் பிறகு சொல்லியிருக்கிறார், இந்த மனிசன் அழுதுகொண்டு உள்ள ஓடிவந்து கழுத்தைக் கட்டிப்பிடிச்சு, இதை எனக்குத் தா தா எண்டு கேட்டவர் எண்டு. அது புளுகு எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். எனக்கு அது உண்மை எண்டுதான் படுது. விளங்காத பாசையில பாத்து அழுத ஆளுக்கு இன்னொரு அப்பிடி ஆளைத் தெரியும்.

ஓம், வாறன், விசயத்துக்குத்தான் வாறன். உங்களுக்கு எத்தினை மணி மட்டும் நேரம்? பன்னிரண்டரையோ. அது காணும், போதும்.

எனக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும் எண்டால், சனம் கதிரையில விட்டிட்டுப் போற புரோகிராம் புத்தகங்கள். பதினெட்டு வருசத்துப் புத்தகம் வீட்டில அடுக்கி வைச்சிருக்கிறன். மகள் கத்துவாள், அம்மா இதென்ன குப்பை எண்டு. ஓம், கீர்த்திகாதான், வெளியில இருக்கிறவள். பாங்கில வேலை, எனக்காக லீவு போட்டிட்டு வந்தவள். இல்லையில்லை, உள்ள கூப்பிடாதேங்கோ. அவள் இஞ்ச பிறந்தாலும் தமிழ் வடிவா விளங்கும். அங்கயே இருக்கட்டும்.

அவர் அதைச் செய்து முடிக்கிறதுக்குள்ள பட்ட பாடு. கார் ஒண்டு பிரண்டு கால் முறிஞ்சு, மாசக்கணக்கில கதிரையோட கிடந்தவர். அப்பிடியும் விடேல்லை. ஆயிரத்தித் தொளாயிரத்தி நாலு மாசி மாசம், மிலான் பட்டினத்தில முதல் நாள். நல்லா வரும் எண்டு நம்பி வீட்டு ஆக்களையும் கூட்டிக்கொண்டு போனவர். சனம் என்ன செய்தது தெரியுமோ? சிரிச்சது. கூ அடிச்சது. அந்த விடியிற காட்சிக்கு உண்மை மாதிரி இருக்கட்டும் எண்டு தியேட்டருக்குள்ள அங்கங்க ஆக்களை இருத்திக் குருவிச் சத்தம் போடச் சொல்லியிருக்கினம். பாத்துக்கொண்டிருந்த சனமும் சேந்து கோழி மாதிரியும் நாய் மாதிரியும் கத்தத் துவங்கீட்டுது. அவள் அங்க இரவு முழுக்க நிண்டு களைச்சுப்போய் இருக்கிறாள், இவை கோழி மாதிரிக் கத்துகினம். காசு குடுத்து விடப்பட்ட ஆக்கள் எண்டும் ஒரு கதை இருக்கு. ஒரு நாளோட நிப்பாட்டினவர்.

பேந்து மூண்டு மாசத்தில திருத்தி, ப்ரெஷா எண்டு ஒரு சின்னப் பட்டினத்தில திருப்பிப் போட்டவர். ரெண்டாம் பாகம் நீளமா இருந்தது, அதை நடுவில வெட்டி ரெண்டாக்கினவர். அவனுக்கு ஒரு பாட்டுக் கூட்டினவர், கடைசியில தான் செய்தது பிழை எண்டு அழுகிற மாதிரி. அதே ஓப்பராதான், இந்த முறை சனம் எழும்பி நிண்டு திருப்பிப் பாடு, திருப்பிப் பாடு எண்டு கேட்டதாம். அடுத்த வருசம் லண்டன். பிறகு நியூயோர்க், பிறகு பாரிஸ். போற இடமெல்லாம் அங்க வெட்டி இங்க ஒட்டி, அஞ்சு தரம் மாத்தினவர் எண்டு புத்தகத்தில கிடக்கு. யப்பான்காரன் அமெரிக்கன்ர கப்பலுக்குக் குண்டு போட்டதோட நியூயோர்க்கில நாலு வருசத்துக்கு மேல இதைப் போடவேயில்லை, எதிரியின்ர கதை எண்டு. இப்ப பாருங்கோ, யப்பான் ஆக்களைப் பழிக்கிறமோ எண்டு பயந்து ஒவ்வொரு தியேட்டரிலயும் யோசிக்கினம். எங்கட தியேட்டரில யப்பான் அம்மா ஒராளைக் கூப்பிட்டு, எப்பிடி நடக்கிறது, எப்பிடி முழங்காலில இருக்கிறது, இடுப்புப் பட்டியை எப்பிடிக் கட்டுறது எல்லாம் பழக்கினவை. முந்தி முகத்துக்கு வெள்ளை பூசுவினம், இப்ப அது கிடையாது.

நூற்றி இருபது வருசமா எல்லாத்தையும் மாத்துகினம் பிள்ளை. அந்தப் பிள்ளையை மட்டும் அதே பாயில இருத்தி வைச்சிருக்கினம். கண்ணைக் கட்டினால், கையில கொடியைக் குடுத்தால், அது பேசாமல் இருக்குமாம். அஞ்சு தரம் மாத்தின மனிசனுக்குக் கூட ஒருக்காவும் அது எழும்பி வரும் எண்டு யோசினை வரேல்லை. உங்களுக்குப் பிள்ளையள் இருக்கோ? ரெண்டோ. எத்தினை வயசு? மூண்டும் ஆறும். அப்ப நீங்களே சொல்லுங்கோ, எழும்பு எண்டால்தானே இருக்குங்கள், இரு எண்டால் எந்தப் பிள்ளை இருக்கும்?

ஓம், மஹதி. சரி.

அண்டைக்கு நான் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை, மஹதிக்கு அஞ்சு வயசு. தாய் கல்யாணியும் தேப்பனும் டொக்டர்மார், தோர்ண்டன் ஹீத்தில இருக்கினம், உங்கட பக்கத்து ஆக்கள்தான். மூண்டு பிள்ளையள் மாறி மாறி நடிக்கிறது, சட்டம் அப்பிடி. மஹதி பொம்பிளைப்பிள்ளை எண்டாலும் கட்டைமயிர்த் தொப்பி ஒண்டு போட்டு ஆம்பிளைப்பிள்ளை ஆக்கினவை. நல்ல சூடிகை. சிவா ஆன்ரி, நீங்க ஏன் தண்ணியைத் தண்ணின்னு சொல்லாம தண்ணீன்னு இழுக்கிறீங்க எண்டு என்னைப் போலவே கதைச்சுக் காட்டுவாள். பழக்கேக்க அவளுக்கு அது விளையாட்டு எண்டுதான் சொல்லிக் குடுத்தது. கண்ணைக் கட்டின உடன மனசுக்குள்ள ஒண்டு ரெண்டு எண்டு எண்ணவேணும், நூறு வர முதல் திரை விழுந்திடும், ஆன்ரி வந்து தூக்குவா. ஒம்பது ஷோ அப்பிடித்தான் நடந்தது. நான் மூலையில நிண்டு அவளோட சேந்து எண்ணுவன்.

அண்டைக்கு வழமையாப் பாடுற அம்மாவுக்குத் தொண்டை கட்டீட்டுது. வேற ஒராள் ரெயின் பிடிச்சு வந்து பாடினவ. நல்ல மனிசி, அவவில ஒரு பிழையும் இல்லை. ஆனால் வழமையா வாற ஆள் அழுகிற மாதிரி நடிக்கிறது, இவ உண்மையா அழுதவ. கண்ணைக் கட்ட முதல் பிள்ளையைக் கட்டிப்பிடிச்சுப் பாடுற இடம் ஒண்டு இருக்கு. அவவின்ர கண்ணீர் மஹதியின்ர மூக்கில சொட்டினது எனக்கு மூலையில இருந்து தெரியுது. பிள்ளை அவவையே பாத்துக்கொண்டு நிக்கிறாள். பேந்து துணியைக் கட்டிப்போட்டு அவ தட்டிக்குப் பின்னால போயிட்டா. நான் எண்ணத் துவங்கினன். நாப்பதுக்குக் கிட்ட வரேக்க அவ விழுகிற சத்தம்.

மஹதி கொடியைக் கீழ வைச்சாள். எறியேல்லை, வடிவாப் பாயில வைச்சவள். துணியைக் கழுத்துக்கு இழுத்துவிட்டாள். எழும்பினாள். என்னட்டை வாறாள் எண்டு நினைச்சன் பிள்ளை. என்ர பக்கம் பாக்கவேயில்லை. தட்டிப் பக்கம் நடக்கிறாள். ஓரடி, ரெண்டடி. மூண்டாவது அடி வைக்கேக்க நான் ரேப்புக்கு அங்கால நிக்கிறன். எப்ப போனன் எண்டு தெரியாது. கறுப்பு ரீசேட்டும் இடுப்பில வோக்கி ரோக்கியுமா ரெண்டாயிரம் சனத்துக்கு முன்னால ஓடிப்போய், பிள்ளையின்ர கண்ணைப் பொத்தித் தூக்கிக்கொண்டு வந்திட்டன். சனத்தில கொஞ்சப் பேர் சிரிச்சவை. மற்றப் பக்கத்தால அமெரிக்கன் அவளின்ர பேரைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடிவந்து, வெறும் பாயைப் பாத்துப் பாடியிருக்கிறான்.

விழுந்து கிடந்த அம்மா பிள்ளையைப் பிடிச்சிருப்பா, மேடைக்காரர் லைற்றை நிப்பாட்டியிருப்பினம், எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு எண்டு பிறகு சொன்னவை. உண்மை. தட்டிக்குப் பின்னால ரத்தமும் இல்லை ஒண்டும் இல்லை, அந்த அம்மா மெத்தையில படுத்திருந்து திரை விழுந்தாப்போல வந்து சொல்லுற வணக்கத்துக்குத் தலைமயிரில பின் குத்திக்கொண்டு இருந்தவ. அதுவும் தெரியும். தெரிஞ்ச ஆள்தானே நான், சூசைதாசன் அண்ணை அந்த மெத்தையைத் தட்டிப் போடுறதை ஒவ்வொரு ஷோவும் மூலையில நிண்டு பாக்கிறனான்.

இல்லை, பிள்ளைக்குப் பயம் வந்ததோ எண்டு எனக்குத் தெரியாது. நான் பாக்கேல்லை. அதுதான் வெக்கம். கையை ஏன் அப்பிடி இறுக்கினனான் எண்டும் தெரியாது. தாய் என்னட்டை ஒரு சொல்லுக் கோவமாக் கேக்கேல்லை, பிள்ளையை வாங்கிக்கொண்டு, சிவா அக்கா, நீங்க நல்லா இருக்கீங்களான்னு கேட்டா. கதவு... கதவை ஏன் பூட்டினது. ஆரும் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு போயிடுவினமோ எண்டு. அது என்ர பிள்ளை இல்லை எண்டு தெரியும். அந்த இருபது நிமிசமும் தெரிஞ்சதோ எண்டு கேட்டால் எனக்குச் சொல்ல ஏலாது.

நான் பிள்ளையளுக்குக் கெடுதல் செய்யிற ஆள் இல்லை. ஒம்பது வருசத்தில முப்பத்தினாலு பிள்ளையள், ஒண்டின்ர முழங்கால் கூட உரஞ்சினது இல்லை. இன்னும் ஒரு வகுப்புக்குப் போகச் சொன்னால் போறன். டொக்டரிட்டைப் போகச் சொன்னால் போறன். ஒரு வருசம் வேற ஒராளை எனக்குப் பக்கத்தில நிக்க வையுங்கோ. ஆனால் என்னை அந்த மூலையால எடுக்காதேங்கோ. அந்தப் பிள்ளை எண்டைக்கோ ஒருநாள் எழும்பி வரும் எண்டு எனக்கு முதல் நாளே தெரியும். அண்டைக்கு அதைப் பிடிக்கிறதுக்கு அங்க ஒராள் நிக்கவேணும், அவ்வளவுதான். அதுக்காகத்தான் அயன் பண்ணுறதை விட்டிட்டு இந்த லைசன்ஸே எடுத்தனான்.

என்ன? இது றிப்போட்டில இல்லையே. மஹதி சொன்னதைத் தாய் தனிய எழுதினதோ. ஒருக்கா வாசியுங்கோ.

ஓம்.

ஓம், மஹதி பொய் சொல்லமாட்டாள். அந்தப் பூட்டின அறைக்குள்ள அவளிட்டை, அம்மா எழும்பீட்டன், பார், அம்மாவுக்கு ஒண்டுமில்லை எண்டு சொல்லியிருப்பன். நூறு தரம் சொன்னவ எண்டு எழுதிக்கிடக்கோ. அவளுக்கு நூறு மட்டும்தானே எண்ணத் தெரியும். ஆன்ரி ஏன் தன்னை அம்மா எண்டு சொன்னவ எண்டு கேட்டிருக்கிறாள், என்ன. கேப்பாள்தான்.

கொஞ்சம் தண்ணி தாறியளோ. காணும், காணும்.

இந்தக் கதவு தடிப்போ, வெளியில மகளுக்குக் கேக்குமோ? மெல்லமாக் கதைக்கிறன். என்ர மனுசன் ஞானேஸ்வரன் ரெண்டாயிரத்தி ஒண்டில ஜெர்மனிக்குப் போனவர், சிநேகிதனோட கடை போட. பொங்கலுக்கு வருவன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். நாங்கள் இஞ்ச லண்டனில, மோர்டனில ஒரு வீட்டின்ர மேல்மாடியில ஒரு அறை. பொங்கல் ரெண்டு போச்சு. வெளியில பஸ் நிக்கிற சத்தம் கேட்டால் நான் ஜன்னலுக்குப் போவன், கீர்த்திகாவும் என்ர சட்டையைப் பிடிச்சுக்கொண்டு பின்னால வருவாள். மூண்டாம் வருசம் அவற்ற தமையன் கிருஷ்ணராசா ரெலிபோன் எடுத்து, பிள்ளை, நீ இனிப் பாத்துக்கொண்டு இராதை, அவனுக்கு அங்க பெண்சாதி இருக்கு, ரெண்டு வயசில பொடியனும் இருக்கு எண்டவர். சரி அண்ணை எண்டு சொல்லிப்போட்டு வைச்சனான்.

அடுத்த நாள் காலமை பிள்ளையைக் குளிப்பாட்டி, நல்ல சட்டை ஒண்டு போட்டு, ரீவிக்கு முன்னால இருத்தினனான். வீடியோவில கார்ட்டூன் போட்டு, சத்தத்தைக் கூட்டிவிட்டு, கையில பிஸ்கட் குடுத்தனான். அம்மா குளிச்சிட்டு வாறன், நீங்கள் எழும்பக்கூடாது எண்டு சொல்லிக் கொஞ்சிப்போட்டுக் குளியலறைக்குப் போனனான். நான் குளிக்கப் போகேல்லைப் பிள்ளை.

கார்ட்டூன் முடிஞ்சுபோச்சு. வேற ஒண்டும் இல்லை, வீடியோ நிண்டுபோச்சு, அவள் எழும்பி வந்திட்டாள். அந்தக் கதவுக்குப் பூட்டு இல்லை. நான் நிலத்தில கிடக்கிறன், அவள் வந்து குந்தியிருந்து கன்னத்தில தட்டுறாள். அழேல்லை. அம்மா, முடிஞ்சுது, மற்றதைப் போடுங்கோ எண்டுறாள். நான் எழும்பினனான். எப்பிடி எழும்பினனான் எண்டு மட்டும் கேக்காதேங்கோ. அவளைத் தூக்கி மடியில வைச்சு இறுக்கிக்கொண்டு, அம்மா எழும்பீட்டன் பார், அம்மாவுக்கு ஒண்டுமில்லை எண்டு சொல்லிச் சொல்லி, மத்தியானம் மட்டும் அந்த நிலத்திலயே இருந்தனான். பேந்து எழும்பிப் போய் மற்றக் கார்ட்டூனைப் போட்டுவிட்டனான்.

டொக்டருக்கும் தெரியாது, ஒருத்தருக்கும் தெரியாது. அவளுக்கு நாலு வயசு, ஞாபகம் இருக்கோ எண்டு நான் இண்டைவரைக்கும் கேக்கேல்லை. உங்கட லைசன்ஸ் போர்மில, எப்பவாவது தன்ர உயிரை எடுக்கப் பாத்தது உண்டோ எண்டு ஒரு கேள்வி இருக்கு. மூண்டு தரம் நிரப்பினனான், மூண்டு தரமும் இல்லை எண்டுதான் போட்டனான். இதைச் சொன்னால் லைசன்ஸ் போகும் எண்டு எனக்குத் தெரியாமல் இல்லை.

ஏன் பிள்ளை பேனையைக் கீழ வைச்சிட்டியள். எழுதுங்கோ.